பேனரில் போட்ட வெள்ளிக்கிழமை

கார்த்திகை 18, வியாழன்

அன்பு மகன் அன்புச்செல்வனுக்கு அம்மா எழுதுவது.

நலம் என்று முதல் வரியில் எழுதுவதுதான் வழக்கம். இன்னொரு பொய் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நானும் மாடும் இருக்கிறோம். மழை விட்டுப் பத்து நாளாகிறது. சாப்பிட்டாயா என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும். ஆனாலும் கேட்கிறேன். சாப்பிட்டாயா?

போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். போன் போட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் எனக்குப் பயம். உன் தம்பி செத்ததை நினைத்து நான் போனில் அழுததை நீ பதிவு பண்ணி ஊர் உலகத்துக்கெல்லாம் போட்டுவிட்டாய். அதைத் தப்பென்று சொல்லவில்லை. நாலு பேர் கேட்கட்டும் என்றுதான் போட்டிருப்பாய். ஆனால் அதன் கீழே ஒருத்தன், இது பெத்தவள் அழுத அழுகை இல்லை, கம்ப்யூட்டரில் செய்த குரல் என்று எழுதியிருந்தானாம். பக்கத்து வீட்டு ரம்யா படித்துக் காட்டினாள். அன்றிலிருந்து போனைக் காதில் வைத்தாலும் உடனே கீழே வைத்துவிடுகிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக இருந்தாலும் பொறுமையாகக் கடைசி வரைக்கும் படி. நடுவில் கிழித்துப் போட்டுவிடாதே.

ரம்யாவிடம் நீ போனில் சொன்னதை அவள் என்னிடம் சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதே. மூன்று நாள் மனசிலேயே வைத்திருந்து, முடியாமல் அழுதுகொண்டு வந்து சொன்னாள். ஒன்பது நாளாக நீ வேலைக்குப் போகவில்லை, ரூமிலேயே போனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாய் என்றாள். "இந்த ஒரு விசயத்துல நான் பொய்யன்னு ஆயிட்டா, அதுக்கப்புறம் நான் இருந்து இன்னா பண்ணப் போறேன்" என்று நீ கேட்டாயாம். அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கரியாலூரிலிருந்து மாயவன் வந்திருந்தார். தம்பி கடைசியாக மரவள்ளிக்கிழங்கு ஏற்றப் போனது அவர் கொல்லைக்குத்தானே. ஒரு பை சாமை கொண்டுவந்து வைத்துவிட்டு, மாட்டுக்கு ஒரு கை புல் எடுத்துப் போட்டார். பிறகு தானாகவே சொன்னார். அன்றைக்குக் காலையில் ஒன்பது மணி இருக்குமாம். ஓடைக்கு அந்தப் பக்கம் நின்று, வராதே வராதே என்று கை காட்டினாராம். தம்பி அவர் தன்னைக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே தானும் கை காட்டிவிட்டு, சின்ன யானை லோடு வண்டியைப் பாலத்தில் ஏற்றினானாம். தண்ணீர் பாலத்துக்கு மேலே கூட வரவில்லையாம். அடியில் அரித்துக்கிடந்தது இந்தப் பக்கமிருந்து போனவனுக்கு எப்படித் தெரியும்?

"பாதிப் பாலம் வண்டியோட போயிடுச்சும்மா, நான் பாத்தேன்" என்றார். போன் வைத்துக்கொண்டு ஒருத்தன் அவரைப் படம் பிடிக்க வந்தானாம். "பெருசு, நீ பாத்ததுக்கு ஆதாரம் இன்னாங்கறான். கண்ணுக்கு ஆதாரம் எந்தக் கடையில விக்கிது, போயி வாங்கிக்கினு வரேன்னேன். போனை நிறுத்திக்கினு போயிட்டான்" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

அந்தப் பாலத்தில் இப்போது மணல் மூட்டை அடுக்கி ஜனங்கள் நடந்து போகிறார்களாம். அதைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை. தம்பி செத்த கிழமையைப் பற்றித்தான் சண்டை. பாலம் கட்டியவர்களைத் திட்டுவதற்கு ஒரு கட்சிக்காரர்கள் அவன் படத்தை எடுத்துக்கொண்டார்கள். மற்றக் கட்சிக்காரர்கள், பாலம் விழுந்தது சனிக்கிழமை, இவன் செத்தது வெள்ளிக்கிழமை, குடித்துவிட்டு எங்கேயோ விழுந்து செத்தவனைப் பாலத்துக் கணக்கில் சேர்க்கிறார்கள் என்கிறார்கள். கல்யாண வீட்டில் பீடாவைக் கூட வேண்டாம் என்று சொன்ன பிள்ளை அவன்.

நீ ஆஸ்பத்திரிச் சீட்டைப் போட்டாய். அது கம்ப்யூட்டரில் செய்த சீட்டு என்றார்கள். தண்ணீரில் கிடந்த வண்டியின் படத்தைப் போட்டாய். அதுவும் அப்படித்தான் என்றார்கள். நம் தெரு முனையில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனர் பக்கத்தில் நீ நின்று எடுத்த படத்தையும் போட்டாய். தேதியைக் கவனித்திருக்க மாட்டாய், அவன் முகத்தைத்தான் பார்த்திருப்பாய். அதில் மறைவு நவம்பர் ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை என்று இருந்தது. நீ போட்டதிலெல்லாம் அது ஒன்றுதான் பொய். அதை மட்டும்தான் எல்லாரும் நம்பினார்கள்.

ரம்யா போனில் அந்தப் பேசும் ஆப் இருக்கிறது. நீயும் அதனிடம்தான் கேட்டுக் கேட்டுப் போடுகிறாய், எதிராளிகளும் அதனிடம்தான் கேட்டுப் போடுகிறார்கள் என்றாள். நானும் கேட்கிறேன் என்றேன். அவள் வேண்டாம் பெரியம்மா என்றாள். நான் விடவில்லை. போனை வாய்கிட்டே வைத்து, பாலம் உடைஞ்சி செத்த அஜித்குமார் எந்தக் கிழமையில செத்தான் என்று கேட்டேன். அது நல்ல தமிழில், மரியாதையாகப் பேசியது. அந்த மாதிரி என்னிடம் எந்த ஆபீஸிலும் பேசினதில்லை. அஞ்சலிப் பேனரின்படி அவர் இறந்தது வெள்ளிக்கிழமை, பாலம் உடைந்தது சனிக்கிழமை, ஆகவே இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றது. பிறகு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டது.

ரம்யாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பாலத்தைச் சரியாகக் கட்டாததால் செத்துப்போன அஜித்குமாரைப் பற்றிச் சொல் என்று மாற்றிக் கேட்டாள். உடனே அது, ஆமாம், அலட்சியத்தால் பறிபோன உயிர் என்று சொல்லி வருத்தப்பட்டது. அவளே திரும்பவும், பொய் சொல்லும் குடும்பத்தைப் பற்றிச் சொல் என்றாள். அதற்கும் ஏற்ற மாதிரி பேசியது. "பார்த்தியா பெரியம்மா, நாம எந்தப் பக்கம் இழுக்குறமோ அந்தப் பக்கம் வந்துக்கினே இருக்குது. இதப் போயி அண்ணன் சாட்சியா வச்சிக்கினு மல்லுக்கு நிக்குது" என்றாள்.

ஆனால் எனக்கு அதன்மேல் கோபம் வரவில்லை, அன்பு. வெள்ளிக்கிழமை என்று அது தானாகச் சொல்லவில்லை. அது நான் எழுதிக் கொடுத்தது.

பேனர் கடைக்காரன் தப்பாகப் போட்டுவிட்டான் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? அது பொய். நான்தான் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அந்தச் சீட்டை இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். என் கையெழுத்து உனக்குத் தெரியும்.

ஏன் எழுதினேன் என்றால், உன் அப்பா போனதும் ஒரு சனிக்கிழமை. அப்போது எனக்கு விவரம் தெரியாது. கருமாதிப் பத்திரிகையில் சனிக்கிழமை என்று உள்ளபடியே போடச் சொன்னேன். போடாதேடி, சனியில் போனவர்கள் துணைக்கு ஆள் கூப்பிடுவார்கள் என்று பெரியவர்கள் தலைப்பாடாக அடித்துக்கொண்டார்கள். நான் கேட்கவில்லை. மூன்றாம் மாதம் உன் சித்தப்பா மோட்டார் கொட்டகையில் ஷாக் அடித்துப் போனார். நீ ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய். உன் சித்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது.

நம் பக்கத்தில் சனிக்கிழமைச் சாவை யாரும் சனி என்று எழுத மாட்டார்கள். ஒரு நாள் முன்னே தள்ளி வெள்ளி என்று எழுதுவார்கள். பிணத்துக்குத் துணையாகப் பாடையில் கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்பியும் மனசு ஆறாதவர்கள் செய்கிற காரியம் அது. ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெருமுனையில் பேனரைப் பார்க்கிறவர்கள், ஓ, சனியில் போயிருக்கிறான் என்று தாமே புரிந்துகொண்டு போவார்கள். ஊருக்குள் அது பொய்யே இல்லை. ஊரைத் தாண்டியதும் பொய்யாகிவிட்டது.

தம்பியின் பாடையில் குஞ்சு கட்டியது நான்தான். நீ சுடுகாட்டுக்கு முன்னால் போய்விட்டாய், பார்த்திருக்க மாட்டாய். அவன் போய்விட்டான். அவனுக்கு இனி எந்தக் கிழமையும் ஒன்றுதான். எனக்கு மிச்சம் நீ ஒருத்தன். உன்னை அவன் கூப்பிட்டுவிடக் கூடாது என்றுதான் வெள்ளி என்று எழுதினேன். உன்னைக் காப்பாற்ற எழுதினது, உன்னைப் பொய்யன் ஆக்கி, ஒரு ரூமுக்குள் உட்கார வைத்துவிட்டது.

யார் போட்டது என்று நீ கத்திக் கேட்டபோது, பயத்தில் பேனர் கடை தீனதயாளன் பெயரைச் சொல்லிவிட்டேன். நீ அதையும் எழுதிப் போட்டாய். கடைப் பெயரோடு போட்டாய். காசு வாங்கிக்கொண்டு தேதியை மாற்றியவன் என்று முகம் தெரியாத ஆளெல்லாம் அவனுக்குப் போன் போட்டுக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். நாலு நாள் அவன் சங்கராபுரத்தில் கடையே திறக்கவில்லை. அவன் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்ததாம்.

அவனிடம் என் சீட்டு இருந்தது. ஒரு படம் எடுத்துப் போட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான். போடவில்லை. நேற்று வண்டியில் வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே சீட்டை நீட்டினான். "எக்கா, இத நான் யாருக்கும் காட்டல. காட்டியிருந்தா பெத்த தாயே வெள்ளின்னு எழுதியிருக்காங்கன்னு அதையும் ஆதாரமாக்கிடுவானுங்க. எங்கம்மா செத்தப்ப நானும் இப்படித்தான் போட்டேன். உங்க புள்ளைக்கி மட்டும் ஒரு வார்த்த சொல்லிடுங்க" என்றான். ஒரு வாய் தண்ணீர் குடி என்றேன். வேண்டாம் என்று போய்விட்டான். அவன் போன பிறகு அந்த வாசலில் நான் நின்ற மாதிரி, உன் அப்பா செத்த அன்று கூட நிற்கவில்லை.

அதனால் முதல் காரியம், தீனதயாளனுக்குப் போன் போடு. நீ எழுதினதை அழித்துவிடு. அம்மாதான் என்று சொல்.

மற்றதெல்லாம் உன் இஷ்டம். இந்தக் கடுதாசியைப் படம் எடுத்துப் போட்டால்தான் உன் மேல் உள்ள பழி போகும் என்றால் போடு. என் பெயரோடு போடு. மூடநம்பிக்கைக்காரி என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இதையும் கம்ப்யூட்டர் எழுதியது என்பார்கள். இல்லை என்று நீ மறுபடியும் ஒன்பது நாள் உட்காராதே. எலெக்‌ஷன் என்றால் கூட ஒரு நாளில் ஓட்டு எண்ணி முடித்து, யார் ஜெயித்தது என்று சொல்லிவிடுகிறார்கள். இதில் யார் வந்து சொல்லப் போகிறார்கள்?

தம்பி எப்போது செத்தான் என்று எனக்குத் தெரியும். மாயவனுக்குத் தெரியும். அவன் சட்டையில் இருந்த மண்ணைக் கழுவிய உனக்குத் தெரியும். மூன்று பேர் போதாதா சாமி? போதாது என்றால் சொல், நானே கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் உட்காருகிறேன். மாயவனையும் கூட்டிக்கொண்டு போகிறேன். நம்மைப் பார்த்துப் பதில் சொல்லுகிற ஒரு முகத்திடம் சொல்லலாம். ஆனால் நீ என் கூட இருக்க வேண்டும். எனக்குப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

அந்தப் பேனர் இன்னும் முனையில்தான் இருக்கிறது. காற்றில் ஒரு பக்கம் கிழிந்துவிட்டது. நீ வந்ததும் இரண்டு பேருமாக அவிழ்த்துவிடலாம். நான் ஒருத்தியாகப் போனால் அவன் முகத்தை மடிக்கக் கை வராது.

கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, கள்ளக்குறிச்சி பஸ் ஏறு. மழை பெய்தால் ஓரமாக நின்று வா, அவசரமில்லை. சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன். உன் உயிரும் உடம்பும் கல்லு மாதிரி இருக்க வேண்டும். நான் கும்பிடுகிற சாமியெல்லாம் உன் கூடவே வரட்டும். நாள் பார்க்காதே, கிழமை பார்க்காதே. சனிக்கிழமையே ஆனாலும் வா.

இப்படிக்கு,
உன் அம்மா
பச்சையம்மாள்