எஞ்சின் இல்லாத காருக்குப் பூசை

இஞ்சேருங்கோ,

சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் மூடி வச்சிருக்கு. கையைக் கழுவிப்போட்டுத் தொடுங்கோ. நேற்றுச் சட்டியெல்லாம் கிறீஸ் மணம்.

பின்னேரம் ஐயர் உங்கட ரேஸ் காருக்குப் பூசை செய்ய வருவார். எஞ்சினே இன்னும் பூட்டேல்ல, அதுக்குள்ள நல்ல நாள் பாத்தாச்சு! காடு மேடெல்லாம் பாயுமாம். வீட்டில வெல்டிங் பண்ணின அந்த இரும்புக் கூடு வாசல்ல இருக்கிற கொட்டாஞ்சேனை ஒழுங்கையையே இன்னும் காணேல்ல. இவ்வளவு நாளும் என்ர உடுப்புக் காயப்போடத்தான் உதவினது.

டயருக்குக் கீழ வைக்கத் தேசிக்காய் ஃப்ரிட்ஜில இருக்கு. அதை நசிக்கக் கார் உருளவேணுமே, அதை யோசிச்சனீங்களோ?

சுபோ

பி.கு.: அதைப் பழைய இரும்புக்குப் போடுங்கோ எண்டு நான் ராத்திரி சொன்னதில மாற்றமில்லை. ஆனா தள்ளுறதுக்கு அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு மானத்தை வாங்காதேங்கோ. அரைநாள் லீவு போட்டிட்டன். நானே வந்து தள்ளுறன்.