நீ திறந்து பார்த்த துளை

பத்து வருஷத்துக்கு முன்னால் தூள்தூளாகிப் போனதாக நீ சொன்ன ராக்கெட் குழாய் இன்று காலை ஆம்பூர் பஸ்ஸில் பார்சலாக என் மேஜைக்கு வந்து சேர்ந்தது. நெளிவு இல்லை, விரிசல் இல்லை. உன் மனைவி ஸ்டெல்லாதான் அனுப்பியிருக்கிறாள். பரண்மேல் கிடந்த உன் சாமான்களை ஒதுக்கியபோது கிடைத்ததாம். "இது உங்ககிட்ட இருக்கணும் அண்ணா" என்று ஒரு துண்டுச்சீட்டு. நீ கண்ணை மூடி முப்பது நாள்கூட ஆகவில்லை. உன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொல்லி உன் தம்பி கேட்டிருந்தான். அதை எழுத உட்கார்ந்த காகிதத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நாம் இருவரும் ராக்கெட் பைத்தியங்கள். நீ ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் ஃபினிஷிங் பிரிவு சூப்பர்வைசர். நான் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் கருவிகளைப் பழுது பார்க்கும் தற்காலிக ஆள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பாலாற்று மணலில் நிற்போம். நீ விட்டதெல்லாம் மேலே போகும், எங்கேயோ விழும். "எவ்ளோ ஒசரம் போச்சின்னு எவனுக்கும் தெரியல. நீ ஒண்ணு பண்ணுப்பா" என்று நீதான் ஆரம்பித்து வைத்தாய்.

ஆறு மாதம் உட்கார்ந்து உயரமானி பண்ணினேன். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கினால் மறுபடி கூடும். கூடத் தொடங்கிய அந்தக் கணத்தில் என் சர்க்யூட் ஒரு பொட்டு வெடிமருந்தைப் பற்றவைக்க, பாராசூட் வெளியே வர வேண்டும். இதற்கு வெளிக்காற்று குழாய்க்குள் வந்தாக வேண்டும். துளையைப் பெரிதாகப் போட்டால் எதிர்க்காற்று உள்ளே மோதி, ஏறும்போதே இறங்குகிறதென்று ஏமாந்துவிடும். சின்னதாகப் போட்டால் அழுத்தம் மாறுவது உள்ளே தாமதமாகத் தெரியும். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, தோல் தைக்கிற ஊசி நுழையும் அளவில் மூன்று துளை போட்டேன். "மூணு ஓட்டைக்கு மூணு நாளா?" என்று சிரித்தாய்.

சர்க்யூட் கைவிட்டால் காப்பாற்றுவதற்குத் தனி பேட்டரியோடு ஒரு டைமர் வைக்கலாம் என்றேன். "வெயிட்டு ஜாஸ்தி. ஒம்மேலயே ஒனக்கு நம்பிக்கை இல்லியா?" என்றாய். சரி, அழுத்தத்தைக் கணத்துக்குக் கணம் பதிந்துகொள்ள ஒரு மெமரி சில்லாவது போடுகிறேன் என்றேன். "ஒசரத்த பீப் அடிச்சி சொன்னா போதும், கதையெல்லாம் எதுக்கு?" என்றாய். இரண்டிலும் விட்டுக்கொடுத்தேன். அந்தச் சில்லு இருந்திருந்தால், காற்று உள்ளே வரவே இல்லை என்று அதுவே சொல்லியிருக்கும். எனக்கு வேறு சாட்சி தேவைப்பட்டிருக்காது.

உன் வீட்டு ஊறுகாய் பாட்டிலுக்குள் சர்க்யூட்டை வைத்து, ஆஸ்பத்திரி சிரிஞ்சால் காற்றை உறிஞ்சி, மெல்லத் திறந்துவிட்டுச் சோதித்தோம். மருந்துக்குப் பதில் கட்டியிருந்த சின்ன பல்பு பத்துக்குப் பத்து தடவை எரிந்தது.

அதில் எனக்கு என்ன இருந்தது என்று உனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் முதலாளியின் இளைய மகன், நாம் சின்ன பாய் என்று கூப்பிடுபவர், புது மெஷின்களுக்காக ஒரு கருவி அறை தொடங்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். "இது மேல போய் ஒழுங்கா கீழ வந்துதுன்னா நீங்க நம்மகிட்ட வந்துடுங்க" என்று உன் எதிரில்தான் சொன்னார். நானும் என் மனைவியும் ஆம்பூரில் வீடுகூடப் பார்த்துவிட்டோம்.

அந்த ஞாயிறு காலை கோயில் ஆராதனை முடிந்து மணலுக்கு வந்தேன். நீ கொண்டுவந்த ராக்கெட் பளபளவென்று நீலமாக இருந்தது. சனிக்கிழமை ஷாப் ஸ்ப்ரே அறையில், ஏற்றுமதித் தோலுக்கு அடிக்கிற லாக்கர் பூச்சை அடித்திருந்தாய். ஃபினிஷிங் இல்லாமல் எதையும் வெளியே அனுப்ப உனக்கு மனசு வராது. "ஓட்டை?" என்றேன். "பாத்துட்டேன்பா. பேஜார் பண்ணாத" என்றாய். சுவிட்சைப் போட்டதும் பீப் வந்தது. பேட்டரியும் சென்சாரும் உயிரோடு இருப்பதைத்தான் பீப் சொல்லும், துளையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஒரு ஊசியை எடுத்து நான் குத்திப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. அது என் தப்பு. அதை யார்மீதும் போட மாட்டேன்.

நேராகத்தான் போனது. உச்சியில் சாய்ந்தது. பாராசூட் வரவில்லை. மூக்கு கீழாக வந்து கரையோர மணலில் சொருகிக்கொண்டது. பார்க்க வந்திருந்த சின்ன பாய் என்னைப் பார்த்தார். நீ குழிப்பக்கம் ஓர் அடிகூட எடுத்து வைக்காமல், "சர்க்யூட்டு கைவிட்டுடுச்சி பாய்" என்றாய்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தோண்டி எடுக்கும்வரைகூட இருக்காமல் ரயில் ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். மறுவாரம் கேட்டேன். "எல்லாம் தூளாப் போச்சி, ஆத்துலயே போட்டுட்டேன்" என்றாய். துளைகளைக் கேட்டேன். "மூணும் தொறந்துதான் இருந்துச்சி" என்றாய், என் கண்ணைப் பார்த்து. அதற்குப் பிறகும் கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுக்கு வந்து கேக் தின்றிருக்கிறாய். உனக்கு எப்படித்தான் இறங்கியதோ.

கருவி அறைக்கு வேறொருவர் வந்தார். நான் ஆஸ்பத்திரியிலேயே இருந்தேன். சொந்தமாக ஒரு சர்க்யூட்டும் அதற்குப் பிறகு பண்ணவில்லை. பழுது பார்த்த எதையும் மூன்று தடவை சோதிக்காமல் வார்டுக்கு அனுப்புவதில்லை. "சார் கை பட்டு வந்தா பயமில்ல" என்பார்கள் நர்ஸுகள். அதைக் கவனம் என்று நினைக்கிறார்கள். என் கையை நானே நம்பாத பயம் அது. அதைக் கொடுத்தவன் நீ.

இன்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இரண்டு துளைகள் நீல லாக்கரில் கல்லாக அடைந்திருக்கின்றன. மூன்றாவது திறந்திருக்கிறது, சுற்றிலும் ஊசி கீறிய தடம். உள்ளே பாராசூட் கம்பியில் ஒரு பல்பு, உன் கோணல்மாணல் சால்டரிங்கோடு. ஆக, ஊசியால் குத்திப் பார்த்திருக்கிறாய், பாட்டிலில் போட்டு உறிஞ்சியும் பார்த்திருக்கிறாய். நானும் புது பேட்டரி போட்டு, அதேபோல உறிஞ்சிப் பார்த்தேன். முதல் தடவையிலேயே எரிந்தது.

ஏன் சொல்லவில்லை என்பதும் புரிகிறது. ஷாப் ஸ்ப்ரே அறையில் சொந்த வேலை பார்த்தது தெரிந்தால் உன் வேலைக்கு ஆபத்து. சரி, சின்ன பாயிடம் சொல்லியிருக்க வேண்டாம். என்னிடம் சொல்லியிருக்கலாம். நானும் உன்னோடு சேர்ந்து மறைத்திருப்பேன், ஆனால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். பத்து வருஷம் தோஸ்த் தோஸ்த் என்று தோளில் கை போட்டுக்கொண்டு இதைப் பரணில் வைத்திருந்தவனை என்னவென்று சொல்வது? அயோக்கியன் என்றுதான் சொல்வேன்.

பார்சல் வந்ததைச் சொல்ல ஸ்டெல்லாவுக்குப் போன் பண்ணினேன். அந்தக் கோபத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடத்தான் பண்ணினேன்.

"அவரு அத அடிக்கடி எடுத்துப் பாப்பாருண்ணா" என்றாள். "ஒங்க சர்க்யூட்டு மேல ஒரு தப்பும் இல்ல, எல்லாம் நாந்தான்னு எத்தினியோ வாட்டி சொல்லிக்கிறாரு. சொல்லிடுங்கன்னு நானும் சண்ட போட்டேன். போன கிறிஸ்துமஸுக்கு ஒங்க வீட்டுக்குப் போய்ட்டு வந்து, சொல்லிட்டேன், மனசு லேசாயிடுச்சின்னாரு. அந்த ஒண்ணுதாண்ணா எனக்கு ஆறுதல். சொன்னாருல்ல?"

போன கிறிஸ்துமஸில் நீ என் வீட்டில் கேக்கைத் தவிர வேறெதற்கும் வாயைத் திறக்கவில்லை. அவள் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"சொன்னான்மா" என்றேன்.

அவள் அழுதாள். சந்தோஷமாக அழுதாள் என்று நினைக்கிறேன். என் பயத்தோடு சேர்த்து உன் பொய்யையும் இனி நான்தான் சுமக்க வேண்டும், அவள் இருக்கும்வரைக்கும். உன்னை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. அவளுக்காகச் சொன்னேன்.