வாந்தி எடுக்காத ஞாயிறு

பிள்ளைகளின் அம்மாவுக்கு,

ஸ்வெட்டர்கள் வாங்கிவிட்டேன். தடுப்பூசி போட்டாயிற்று. பள்ளியில் டி.சி.யும் தந்துவிட்டார்கள். அங்கே வீட்டுக்கு ஏலக்காய் அரைக் கிலோ போதுமா?

போனில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

அயர்லாந்துக்கு உன்னிடம் வந்துசேர ஒரு நாள் ஆகும் என்றாயே. பிள்ளைகளைப் பழக்கிவிடலாம் என்று கடந்த மூன்று ஞாயிறும் சர்ச் முடிந்ததும் நம் லோடு ஜீப்பில் போடிமெட்டு மலைக்கு ஏற்றி இறக்கினேன். பெரியவன் பாடிக்கொண்டே வந்தான். சின்னவள் முதல் இரண்டு ஞாயிறும் முதல் வளைவிலேயே வாந்தி எடுத்தாள்.

“பிளேன்ல இப்படி எடுத்தா உன்னைய ஏத்த மாட்டாங்க” என்றேன். பயங்காட்டினால் நின்றுவிடும் என்று நினைத்தேன்.

மூன்றாம் ஞாயிறு அவள் வாந்தி எடுக்கவில்லை. பெருமையாக முதுகில் தட்டிக்கொடுத்தேன். முந்தின நாள் மதியத்திலிருந்தே தட்டில் போட்டதையெல்லாம் நாய்க்கு வைத்துவிட்டு வெறும் வயிற்றோடு வந்திருக்கிறாள். பெரியவன் சொல்லி நேற்றுதான் தெரிந்தது.

கூப்பிட்டுக் கேட்டேன். அழவில்லை.

“அண்ணனை மட்டும் கூட்டிட்டுப் போங்கப்பா. நான் சித்தி வீட்ல இருந்துக்கிறேன். அம்மா போன் பண்ணுனா நான் தூங்குறேன்னு சொல்லிருங்க” என்றாள்.

நேற்று நீ கூப்பிட்டபோது தூங்குகிறாள் என்றேனே, அவள் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

உன் வீட்டுக்காரன்