கேஸ் என்று நீ சொன்னது

இன்று காலை சிலிண்டர் போடுகிறவர் வாசலில் நின்று "கேஸு..." என்று குரல் கொடுத்தார். பாதி நறுக்கிய வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தேன். வந்ததும் கண் உன் கதவுக்குத்தான் போனது. பன்னிரண்டு வருடப் பழக்கம். நீ போய் எட்டு மாதம் ஆகிறது என்பது கண்ணுக்கு இன்னும் தெரியவில்லை.

உப்பளம் ஏரியாவில் இந்த வீட்டின் பின் போர்ஷனுக்கு நீ குடிவந்த வாரமும் இப்படித்தான் ஒரு குரல் வந்தது. நான் வக்கீல் ஆபீசில் டைப் அடிப்பவள். யாரோ வழக்கு விஷயமாக வீட்டுக்கே தேடி வந்துவிட்டார்கள் என்று நினைத்து, "எதுவானாலும் ஆபீசுக்கு வாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நீ ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்ப்பவள். அவசரம் என்று ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என நினைத்து ஓடிவந்து, "எந்த வார்டு கேஸு?" என்று கேட்டாய். சிலிண்டரைத் தோளில் வைத்திருந்தவர் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அன்று சிரித்த சிரிப்பில்தான் நாம் பழகினோம்.

இங்கிலீஷில் அது இரண்டு வேறு சொற்களாம். நம் வாயில் எல்லாம் ஒன்றுதான். சாயங்காலம் துணி துவைக்கிற கல்லருகே உட்கார்ந்து, "இன்னிக்கி ஒரு கேஸ் தள்ளிட்டாங்க" என்பேன் நான். "எங்க வார்டுல மூணு கேஸ் டிஸ்சார்ஜ்" என்பாய் நீ. மூன்றாவது வீட்டு மனிதர் மாடியில் தனக்குத் தானே பேசிக்கொண்டு நடந்தால், "அது ஒரு கேஸு, வுடு" என்பாய். உங்கள் வார்டில் ஒருவர் இறந்துவிட்டால் அதற்கும் அந்தச் சொல்தான் என்று ஒருநாள் சொன்னாய். "கேஸ் முடிஞ்சிருச்சுன்னுதான் சொல்லுவோம். வேற மாதிரி சொன்னா மறுநா வேலைக்கு வர முடியாதுடி." எங்கள் ஆபீசில் கேஸ் முடிந்தால் இனிப்பு வாங்கி வைப்பார்கள்.

எனக்கு யாரையும் நம்பத் தெரியாது. அது உனக்குத் தெரியும். இருபத்தைந்து வருடம் பொய்ப் பிரமாணங்களை டைப் அடித்துக் கொடுத்தவள் நான். ஒருவர் சொன்னதைக் காட்டிலும் சொல்லாமல் விட்டதைத்தான் என் காது தேடும். "சாமியே நேர்ல வந்து வரம் குடுத்தாலும் கையெழுத்து சரியான்னு பாப்ப நீ சரசு" என்று கிண்டல் செய்வாய். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

போன வருடம் வீட்டுக்காரர் இந்த வீட்டை இடித்துவிட்டு, கடலைப் பார்க்க வருகிறவர்களுக்கு லாட்ஜ் கட்டப்போவதாகச் சொன்னார். அவரைப் 'பெரியவர்' என்றுதான் இருவரும் சொல்வோம். பெரியவர் ஒருநாள் ஆட்களோடு வந்து அளந்துவிட்டுப் போனார். எனக்கு வேறு போக்கிடம் இல்லை. உனக்காவது அரியாங்குப்பத்தில் கட்டிக்கொடுத்த மகள் செல்வி இருந்தாள். நீ அங்கே போய்விடுவாய் என்று பயந்துதான் உன்னையும் சேர்த்துக் கோர்ட்டுக்கு இழுத்தேன். வீட்டை இடிக்கக்கூடாது என்று இரண்டு பேர் பெயரிலும் ஒரே கேஸ். "நீ எங்க காட்டுறியோ அங்க கையெழுத்து" என்றாய்.

கேஸ் போட்டு மூன்று மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பின்பக்கம் துணி எடுக்க வந்தேன். உன் ஜன்னல் திறந்திருந்தது. போனில் பேசிக்கொண்டிருந்தாய்.

"கேஸ் விஷயத்த சரசுகிட்ட மூச்சு வுடாத. பெரியவர பாத்துட்டேன். திங்கக்கிழம லாஸ்பேட்டைக்கு வரச் சொல்லிக்கிறாரு. முடிவு அன்னிக்கித் தெரிஞ்சிரும்."

வீட்டுக்காரர் வீடு லாஸ்பேட்டையில். என் கையில் இருந்த துணி ஈரமா காய்ந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை ஆபீசுக்கு லீவு சொன்னேன். நீ கிளம்பியதும் தெருமுனை வரை பின்னாலேயே வந்தேன். "எங்க போற?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வாய், அந்தப் பொய்யை வைத்து உன்னைப் பிடிக்க முடியாது என்று கணக்குப் போட்டேன். நீ லாஸ்பேட்டை பஸ்ஸில் ஏறினாய். என்னைப் பொறுத்தவரை விசாரணை அதோடு முடிந்தது.

அதற்குப் பிறகு நான் உன்னிடம் பேசவில்லை. வஞ்சிரக் குழம்பு கொண்டுவந்து வைத்தாய். மூடி திறக்காமலே கிண்ணத்தை உன் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். "இன்னாடி ஆச்சு ஒனக்கு?" என்று இரண்டு முறை கேட்டாய். மூன்றாவது முறை கேட்கவில்லை. அதையும் உன் குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

நம் கேஸைத் தனித்தனியாகப் பிரிக்கச் சொல்லி நானே ஒரு மனு டைப் அடித்தேன். அதற்கு உன் கையெழுத்தும் வேண்டும். வாசலில் நின்றபடியே தாளை நீட்டினேன்.

"இனிமே உன் கேஸ் வேற, என் கேஸ் வேற."

நீ தாளைப் படிக்கவில்லை. சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாய். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "என் கேஸு எப்பவோ வேற ஆயிடுச்சு சரசு" என்றாய்.

ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன். அப்படியே நினைத்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு காலை. ஆபீசுக்குப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். உன் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாய். கை நெஞ்சில் இருந்தது. கழுத்தெல்லாம் வியர்வை. தாண்டிப் போக முடியாமல் நின்றேன்.

"இன்னா பண்ணுது?"

"கேஸு. வெறும் கேஸு. ராத்திரி கொண்டைக்கடலை சாப்ட்டேன். ஓமவாட்டர் குடிச்சா சரியாப் பூடும். நீ போ, ஆபீசுக்கு நேரமாவுது."

நான் போனேன்.

நீ சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தவள், அந்த ஒரு சொல்லை மட்டும் அப்படியே நம்பினேன். ஏன் என்று எனக்குத் தெரியும். நம்பாவிட்டால் உள்ளே வந்து உன் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும். பேச வேண்டியிருக்கும்.

சாயங்காலம் செல்வி போன் செய்தாள். நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே உன்னைக் கொண்டுபோயிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் உன்னோடு வேலை செய்த பெண் ஒருத்தி இன்னொருத்தியிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். "நம்ம அக்கா கேஸ் முடிஞ்சிருச்சு." அவளிடம் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நீதான் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்தாயே.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு செல்வியிடம் நேராகவே கேட்டேன். "உங்கம்மா லாஸ்பேட்டைக்கு யார பாக்கப் போனா?"

அவள் புரியாமல் பார்த்தாள். "பெரிய டாக்டரத்தான் பெரிம்மா. ஹார்ட்டு டாக்டரு. அவங்க ஆஸ்பத்திரியில அவரப் பெரியவருன்னுதான் சொல்லுவாங்க. அங்கதான் வீட்ல வெச்சிப் பாப்பாரு. வால்வுல கோளாறு, ஆபரேஷன் பண்ணணும்னாரு. அம்மா தள்ளிப் போட்டுச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க கோர்ட்ட வுட்டுட்டு வீட்டக் காலி பண்ணிக் குடுத்துட்டு அம்மாவப் பாத்துக்க வந்துருவீங்களாம். வீட்டு விஷயம் முடியட்டும்னு சொல்லிச்சு."

ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அதிலும் சந்தேகம் வந்தது. செல்வி நல்ல பெண். எனக்கு வலிக்கக்கூடாது என்று கொஞ்சம் இனிப்புச் சேர்த்துச் சொல்கிறாளோ? நான் மூடி திறக்காமல் வைத்த கிண்ணத்தைப் பற்றி அவளிடம் நீ ஒன்றுமே சொல்லவில்லையா?

அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருக்கிறது. அதை உன்னிடம் மட்டும்தான் கேட்க முடியும். பதினைந்து வருடம் வார்டில் இருந்தவள் நீ. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைக் கண்ணால் பார்த்தே எந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று சொல்வாய். உனக்கு அன்றைக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டே என்னை அனுப்பினாயா? என் மேல் கோபமா? இல்லை, இவளிடம் போய்க் கேட்பதா என்று இருந்ததா? எப்படிக் குறுக்கு விசாரணை செய்தாலும் கூண்டில் கடைசியாக நிற்பது நான்தான்.

நீ கையெழுத்துப் போட்ட மனு கோர்ட்டுக்குப் போகவில்லை. வக்கீலிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அதைக் கிழித்தார். உன் இடத்தில் செல்வியை வாரிசாகச் சேர்த்தோம். வீட்டை யாரும் தொடக்கூடாது என்று போன மாதம் தடை உத்தரவு கிடைத்தது. ஆபீசில் இனிப்பு வைத்தார்கள். நான் எடுத்துக்கொள்ளவில்லை.

செல்வி புருஷனோடு உன் போர்ஷனுக்கே வந்துவிட்டாள். தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். வேலை முடிந்து வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவாள். நேற்றும் அப்படித்தான் சாத்தியிருந்தது. தட்டினேன். முகம் வெளுத்துப்போய் வந்து திறந்தாள்.

"இன்னாம்மா பண்ணுது?"

"ஒண்ணுமில்ல பெரிம்மா. அலுப்பு, அவ்ளோதான்." நான் நகராமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, "இன்னா, நம்ப மாட்டீங்களா?" என்று கேட்டாள்.

"நம்ப மாட்டேன்" என்றேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.