ஒரு லட்சத்து மூன்றாவது பொத்தான்

அன்புள்ள குட்டிக்கு,

பெற்றது அண்ணனானாலும் உன்னை வளர்த்த பெருமையை யாருக்கும் விட்டுக்கொடுக்காத சித்தப்பா எழுதுவது. இங்கு நானும் உன் சித்தியும் நலம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுக்குள் உதைக்கும் சின்ன எஜமானும் சுகம்தானே? ஒருவரும் நம்பப்போகாத ஒரு சம்பவத்தை வலது கையை நெஞ்சில் வைத்துச் சத்தியம் செய்து இடது கையால் எழுதுகிறேன், கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்.

எங்கள் பொத்தான் ஆலையில் எண்ணிக்கைக்குப் பொறுப்பு சித்திதான், உனக்குத் தெரியும். அட்டைக்கு ஆறு வீதம் குத்தி, ஒன்றுகூட மிஞ்சாமல் கணக்கை முடித்துக் கொடுத்தால்தான் உன் பிரசவத்துக்கு வர மூன்று மாத லீவு என்று மேனேஜர் சொல்லியிருந்தார். இயந்திரம் காட்டிய எண் 1,00,003. ஒன்று மிச்சம்! அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஒரு பொத்தானும் வாசல் தாண்டக்கூடாது என்பது ஆலைச் சட்டம். மேனேஜர் மனம் இரங்கி, "சரிம்மா, அட்டைக்கு எத்தனைன்னாலும் போடுங்க, சமமா வந்தா போதும்" என்றார். ஒற்றைப்படை எண், இரண்டுக்கு மசியவில்லை. இலக்கங்களின் கூட்டல் நாலு, மூன்றும் போச்சு. ஏழால் வகுத்தாலும் அதே ஒன்று பல்லிளித்தது. நான் கால்குலேட்டரோடு களத்தில் இறங்கினேன். பெரிய எண் ஏதாவது வகுத்தால் அதன் ஜோடி சின்னதாக இருந்து முன்பே அகப்பட்டிருக்கும், ஆகவே வர்க்கமூலமான 316 வரை பார்த்தால் போதும். பார்த்தேன், கால்குலேட்டர் புகைந்தது, கூரை அதிர்ந்தது, எண் மட்டும் அசையவில்லை. பகா எண்ணம்மா அது, ஒன்றுக்கும் தனக்கும் தவிர ஒருவருக்கும் தலை வணங்காத மகாராஜா! எல்லாவற்றையும் ஒரே அட்டையில் குத்தலாமே, மைதானம் அளவுக்கு அட்டை கிடைக்குமா என்று மேனேஜர் விசாரித்தார். கிடைக்காது என்றதும், "அப்ப கையால ஒவ்வொண்ணா எண்ணுங்க, லீவெல்லாம் அப்புறம்" என்றுவிட்டார்.

சித்தி குழந்தைக்குப் பின்னிய மஞ்சள் ஸ்வெட்டரைப் பையிலிருந்து எடுத்தாள், மடித்தாள், மறுபடி பைக்குள்ளேயே வைத்தாள். எனக்குத் தாங்கவில்லை. ஸ்டூல் மேல் ஏறி என் தொப்பையை உலகுக்குக் காட்டினேன். ஆலைச் சீருடை, ஆலைப் பொத்தான், ஏழில் ஒன்றைக் காணோம்! தொப்பை தள்ளித் தெறித்துக் குவியலில் விழுந்திருக்கிறது என்று முழங்கினேன். சித்தி, "ராத்திரிச் சோத்தைக் குறைங்கன்னா கேக்குறீங்களா?" என்று சிரித்தாள். ஒன்றைக் கழித்தால் ஆறு ஆறாக 16,667 அட்டை, மிச்சம் பூஜ்யம், மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பத்தாம் தேதி சித்தி வருகிறாள், மாப்பிள்ளையை நேரத்தோடு விமான நிலையம் அனுப்பு. மாடிப்படியில் ஓடாதே. நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து நூறாண்டு வாழ வேண்டும் நீங்கள் எல்லோரும். மேலே எழுதியதில் பாதி என் வழக்கமான புளுகு, ஆனால் ஒரு சின்ன இடம் நிஜம்: அந்தப் பொத்தான் என்னுடையதேதான். தெறிக்கவில்லை, மூன்று மாதம் அவள் இல்லாத வீட்டை நினைத்துக் எண்ணுவதற்கு முன்பே கத்தரியால் நானே வெட்டிக் குவியலில் போட்டேன். சட்டையில் அந்த இடம் இன்னும் திறந்தே கிடக்கிறது, அவள் திரும்பி வந்து திட்டிக்கொண்டே தைக்கட்டும்.

இப்படிக்கு,
ஆறு பொத்தான் சித்தப்பா