காப்பாற்றப்பட்டவரின் சாட்சி

11.9.58, வியாழன்
காலையிலேயே அனல். கட்டுரை நோட்டு திருத்தி முடிக்கவில்லை. மூன்றாம் பீரியடில் பெரிய சத்தம், பள்ளிச் சன்னலெல்லாம் அதிர்ந்தது. என் வீட்டுக்காரர் ஃபோர்மேனாக இருக்கும் பட்டாசுக் கம்பெனிதான். லோடு ஏற்ற லாரி வந்ததென்று இவர் வெளியே வந்த நேரம். பிழைத்தார். உள்ளே மருந்து அடைத்துக்கொண்டிருந்த அடுத்த வீட்டுப் பேச்சி போய்விட்டாள். தையில் கல்யாணம் வைத்திருந்தது.

இவரைக் கண்டதும் முழங்காலில் விழுந்து "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் பேச்சியின் அம்மா அலறல். வாயை மூடிக்கொண்டேன்.

12.9.58, வெள்ளி
மண்ணெண்ணெய் தீர்ந்தது. இவர் சாப்பிடவில்லை.

சாயங்காலம் போதகர். முகம் நிறையச் சிரிப்பு. "கர்த்தர் உங்க கையப் பிடிச்சு வெளிய கூட்டியாந்திருக்காரு. ஞாயித்துக்கெழம சபையில சாட்சி சொல்லிருங்க."

"பேச்சி கைய ஏன் பிடிக்கல ஐயா?" நான்தான் கேட்டேன்.

"அந்தப் பிள்ள நம்ம சபை இல்லியே டீச்சரம்மா."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! உடம்பெல்லாம் எரிந்தது. நம்பினவர்களை ஆண்டவர் தனியாகக் காப்பார் என்று ஞாயிறு பள்ளியில் நானும்தான் சொல்லிக்கொடுத்தேன். இனி எந்த வாயால்?

13.9.58, சனி
பேச்சி வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அவள் அம்மா: "உங்க சாமி ஐயாவக் காப்பாத்துச்சாமே. நல்லா இருக்கட்டும். எம்புள்ளயும் அங்கனதான டீச்சர் இருந்தா?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

ஜெபம் இல்லை. ஆண்டவரோடு சண்டைதான்.

14.9.58, ஞாயிறு
ஆராதனையில் இவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தார். பிறகு:

"லாரி வந்துச்சு, நான் வெளிய வந்தேன். கர்த்தர் என்னைய மட்டும் பொறுக்கி எடுத்தாருன்னா, பேச்சிய வேண்டாம்னு விட்டாருன்னு ஆகுது. அப்படி ஒருத்தர நான் கும்பிடல. சிலுவையில தொங்குனவரு அந்தப் பிள்ளையோடதான் உள்ள இருந்திருப்பாரு."

ஒரு ஆமென் இல்லை. போதகர் அவசரமாகப் பாட்டைத் தொடங்கினார். பின்னால் யாரோ, "பாவம், மூளை கலங்கிருச்சு." கலங்கியது யாருக்காம்?

15.9.58, திங்கள்
ஞாயிறு பள்ளிக்கு வேறு ஆள் போட்டாயிற்றாம். போடட்டும்.

இவர் இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு, முதல் தடவையாக, அழுதார்.

செத்தவர்களுக்காக ஜெபிக்கக் கூடாது என்பது நம் சபைச் சட்டம். பேச்சியின் பெயரைச் சொல்லி, சத்தமாகவே ஜெபித்தேன். யார் வந்து தடுக்கிறார்கள், பார்க்கிறேன்.