ஓரத்துச் சிவப்பு

மார்ச் 4

1. இதை எழுதுபவன்: வயது ஐம்பத்தெட்டு, வழக்கறிஞன், மனைவியை இழந்தவன், ஒரே மகளின் தகப்பன்.

2. விறகுப் புகையில் கறி வேகவைத்து விற்கும் பார்பிக்யூ கடை நடத்தும் ஒருவரைத் திருமணம் செய்துகொள்ள விரும்புவதாக என் மகள் இன்று காலை தெரிவித்தாள்.

3. நான் பதில் சொல்லவில்லை. என் மௌனத்தைச் சம்மதமாகவோ மறுப்பாகவோ எவரும் கொள்ளலாகாது.

அவள் மறுப்பாகவே கொண்டாள். "வேண்டாம்னு சொல்றதா இருந்தா, அங்க போய்ச் சாப்பிட்டுட்டு வந்து சொல்லுங்கப்பா" என்றாள்.

மார்ச் 6

நல்ல பார்பிக்யூ கடையை எவ்வாறு அடையாளம் காண்பது? குமாஸ்தாவைக் கேட்டேன். இருபது ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறார். உண்ணும் விஷயத்தில் எனக்கு மூத்த வழக்கறிஞர்.

"மொதல்ல புகையைப் பாருங்க சார். வெள்ளையா, மூட்டமா வந்தா அப்படியே திரும்பிடுங்க. மெல்லிசா, நீலமா, இருக்கா இல்லையான்னு தெரியாம வரணும். சாஸை மேல ஊத்திக் குடுத்தா எதையோ மறைக்கிறான்னு அர்த்தம்."

கடைசி வாக்கியம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் சேர்க்கத் தக்கது.

மார்ச் 9

மதியம் தனியாகச் சென்றேன். இன்னார் என்று சொல்லிக்கொள்ளவில்லை. பின்கட்டில் பிளந்த விறகு அடுக்கியிருந்தது. தட்டிப் பார்த்தேன், காய்ந்த ஒலி. புகை மெல்லியது. பட்டியலில் நான்கே உணவுகள். சாஸ் தனிக் கிண்ணத்தில். யாவும் அவருக்குச் சாதகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆட்டுத் தோள்கறி வந்தது. மேலே கருத்த மொறுமொறுப்பு. முள்கரண்டியால் அதைச் சற்றே விலக்கினேன் — சிவப்பு. வேகாத கறி! தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 10

கடைக்கு நோட்டீஸ் அனுப்பினேன். மூன்று பத்திகள். வேகாத இறைச்சியைப் பரிமாறியதற்கு ஏழு நாளில் விளக்கம் தரவேண்டும். மகளிடம் சொல்லவில்லை.

மார்ச் 13

மகள் வழக்கம்போலச் சிரித்துப் பேசுகிறாள். அவளுக்குத் தெரியாது போலும். அந்தச் சிவப்பைக் கண்டபோது எனக்குள் எழுந்தது அருவருப்பு அல்ல, நிம்மதி. ஏன்? அவளை வீட்டிலேயே வைத்துக்கொள்ள ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்றா? சே — என்ன காரியம் பண்ணிட்டேன்.

மார்ச் 15

கடைக்காரரே அலுவலகத்துக்கு வந்தார். ஒரு கையில் நோட்டீஸ். மறு கையில் கறிப் பாத்திரம், பலகை, கத்தி.

"பதில் எழுத எனக்கு வராது சார். வெட்டிக் காட்டறேன்."

என் மேசைமீதே, ஒரு கிரயப் பத்திரத்துக்கு அருகில், வெட்டினார்.

"வேகலைன்னா நடுவுலதானே சார் சிவப்பா இருக்கும்? இது ஓரத்துல மட்டும் இருக்கு பாருங்க. புகை உள்ள எறங்கின அடையாளம். விறகுல நிதானமா வெந்தாத்தான் இப்படி வரும்."

நடுவில் நல்ல பழுப்பு. ஓரத்தில் மட்டும், கோடு கிழித்தாற்போல, சிவப்பு. முப்பது ஆண்டுத் தொழிலில் எந்த ஆவணத்தையும் முதல் பக்கத்தோடு மூடி வைத்தவனல்லன் நான். அன்று கறியை வெட்டியே பார்க்கவில்லை.

"என் மகளுக்குத் தெரியுமா?"

"சொல்லலை சார். இது கடைக்கு வந்த நோட்டீஸ். கடைதான் பதில் சொல்லணும்."

பலகையை என் பக்கம் இழுத்தேன். சாப்பிட்டேன். இழுத்தால் எலும்பை விட்டது, தானாக உதிரவில்லை, சரியான பதம். குமாஸ்தா உள்ளே வந்து, "சார், சாட்சிப் பொருளை நானும் பரிசோதிக்கணும்" என்றார்.

மார்ச் 16

காலை உணவின்போது மகளிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"ஐயோ அப்பா! எல்லாரும் மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவாங்க. நீங்க நோட்டீஸ் போட்டிருக்கீங்களே!"

கதவைச் சாத்திக்கொண்டாள். அரை மணி கழித்து உள்ளே தொலைபேசியில் அவள் சிரிக்கும் ஓசை கேட்டது.

மார்ச் 20

மேற்படி நோட்டீஸை நிபந்தனையின்றித் திரும்பப் பெறுகிறேன். மகளின் திருமணத்துக்கு, எவருடைய வற்புறுத்தலுமின்றி, முழு நினைவுடனும் நிறைந்த வயிற்றுடனும் சம்மதம் அளிக்கிறேன். மேற்படி கடையின் மூலை மேசையில் அமர்ந்து எழுதப்பட்டது.

ஒப்பம்: மகளின் தகப்பன்

சாட்சிகள்:

1. குமாஸ்தா (கை கழுவாமல் ஒப்பமிட்டதால் தாளில் எண்ணெய்க் கறை).

2. என் மருமகன் (சம்பந்தப்பட்டவர் சாட்சியாகலாகாது என ஆட்சேபித்தேன், மகள் தள்ளுபடி செய்துவிட்டாள்).